நோயாளிக்கு வெளியே வளரும் நோய்

போன மாதம் பண்டாரவளை பஸ் நிலையத்தில் ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மூத்த மகள் என்னிடம் உயர்தர உயிரியல் படித்தவள். இளையவனுக்குத் தலசீமியா, உடம்பு நல்ல இரத்தம் உண்டாக்க முடியாத பரம்பரை நோய். மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பதுளைக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். உடம்பில் தேங்கும் இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தோலுக்கடியில் சொட்டுச் சொட்டாக இறக்கும் சின்ன பம்ப் ஒன்றும் அவர் கைப்பைக்குள் துண்டில் சுற்றி இருந்தது. இரவில் எட்டுப் பத்து மணித்தியாலம் அது பையனின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

போனைத் திறந்து ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வெளிநாட்டில் எங்கோ ஒரு தனியார் நிலையம். தலசீமியா, நீரிழிவு, முழங்கால் வலி, ஓட்டிசம், எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஸ்டெம் செல் ஊசி’. “சேர், இது உண்மையா? இந்த மாசம் சீட்ட எடுத்தா முன்பணம் கட்டிரலாம்.”

பஸ் எடுக்கப் பத்து நிமிடம் இருந்தது. “இப்போதைக்குச் சல்லி கட்டிராதீங்கம்மா, நான் விசாரிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் விசாரிக்க ஒன்றுமில்லை. அந்த ஊசி பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ‘ஸ்டெம் செல்’ பொய்யில்லையே. அதை எப்படிப் பத்து நிமிடத்தில் சொல்வது?

முதலில் பேர். வாட்ஸ்அப்பில் வருவது ஸ்டெம் செல். எங்கள் பாடப்புத்தகத்தில் செல் என்பது கலம். குருத்துக்கலம், மூலக்கலம் என்று ஆளுக்கொரு மொழிபெயர்ப்பும் உண்டு. இன்ன வேலைக்கென்று இன்னும் முடிவாகாமல், பிரிந்து வேறு கலங்களை உண்டாக்கக்கூடிய கலம் என்று அர்த்தம். நான் வாய்க்கு வந்தபடியே இரண்டையும் கலந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையகத்தில் இந்த விஷயத்தை விளங்கப்படுத்த ஆய்வுகூடம் வேண்டியதில்லை, தவறணை போதும். என் அம்மா கொஞ்சக் காலம் தவறணையில், அதாவது தேயிலை நாற்றுமேடையில், வேலை செய்தார். தாய்ச்செடியில் இருந்து ஒரு கிளையை வெட்டி, அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலை, இலையின் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே ஓர் அங்குலம் தண்டு. அதை மண் நிரப்பிய பொலிதீன் உறையில் குத்தி, நிழல் போட்டு, ஈரம் காயாமல் வைத்திருந்தால் பத்து மாதம் ஒரு வருடத்தில் மலையில் நடக்கூடிய கன்று தயார். வீ.பி. தேயிலை என்று நாம் சொல்வது இதைத்தான். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 என்ற ரகம் எந்த மலையில் நின்றாலும், அது ஒரே தாய்ச்செடியின் நகல்தான்.

இதில் நாம் கவனிக்காமல் விடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. அந்த ஓர் அங்குலத் தண்டில் வேரே இருக்கவில்லை. தண்டாக இருந்த கலங்கள்தான் தங்கள் வேலையை மறந்து வேராகின்றன. செடிகளுக்கு இது சாதாரணம். நமக்கு அப்படியில்லை. கவ்வாத்துக் கத்தியில் விரல் நுனி போனால் போனதுதான். விரலில் இருந்து இன்னோர் ஆள் முளைப்பதில்லை.

ஏன் முளைப்பதில்லை? நம் தோல் கலத்திலும் ஈரல் கலத்திலும் மூளைக் கலத்திலும் இருப்பது ஒரே பரம்பரையலகுத் (ஜீன்) தொகுதிதான். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது பேர்ப்பதிவில், எல்லார் பேரும் இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த மலைக்கு வேண்டிய பேர்களைத்தான் கங்காணி கூப்பிடுவார். அதுபோலத் தோல் கலத்தில் தோலுக்கு வேண்டிய பரம்பரையலகுகள் மட்டும் கூப்பிடப்படுகின்றன. மற்றவை பேரோடு மட்டும் கிடக்கின்றன. கருத்தரித்து ஐந்தாம் நாள் அளவில், உள்ளே ஒரு சிறு கொத்துக் கலங்களுக்கு மட்டும் எல்லா வாசலும் திறந்திருக்கிறது. அவை தோல், நரம்பு, இதயம், இரத்தம் என்று உடம்பின் எந்தக் கலமாகவும் ஆகலாம். இவைதான் பல்திறன் ஸ்டெம் செல்கள். தேயிலைத் துண்டோடு உள்ள ஒப்புமை இங்கே முடிந்துவிடுகிறது. துண்டு முழுச் செடியாகும். பல்திறன் கலமோ தனியே ஒரு குழந்தையாக முடியாது, ஏனென்றால் நச்சுக்கொடியை உண்டாக்கும் பகுதி அதற்கு வெளியே இருக்கிறது.

இதோடு இன்னொரு வகையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எலும்பு மச்சையில் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு இரத்தம் உண்டாக்க மட்டுமே தெரியும். தலசீமியாவுக்கு இன்று உண்மையிலேயே நடக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை இந்த வகையில்தான். பொருந்துகிற அண்ணன் தம்பி, அக்கா தங்கை கிடைத்தால் மச்சை மாற்றுகிறார்கள், இலங்கையிலும் செய்கிறார்கள். விளம்பரக்காரர்கள் பிழைப்பது இந்த இரண்டு வகைக்கும் ஒரே பேர் இருப்பதால்தான்.

சரி, பல்திறன் கலத்துக்கு வருவோம். எலியின் கருவிலிருந்து அதைப் பிரித்து வளர்த்தது 1981இல், கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மத்தேயு காஃப்மனும், அமெரிக்காவில் கெயில் மார்ட்டினும். மனிதக் கருவிலிருந்து எடுத்தது 1998இல், விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தோம்சன். அதற்குக் கருவை அழிக்க வேண்டியிருந்ததால் உலகம் முழுக்கச் சண்டை. அதைவிட எனக்குப் பிடித்த கதை பழையது. 1962இல் ஜோன் கேர்டன், தவளையின் தலைப்பிரட்டைக் குடலில் இருந்த கலத்தின் உட்கருவை, அதாவது பரம்பரையலகுகள் இருக்கும் நடுப்பகுதியை, எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்தார். முட்டை தலைப்பிரட்டையாக வளர்ந்தது. குடல் கலத்துக்குள்ளும் முழுச் செக்ரோலும் பத்திரமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இதே கேர்டன் பள்ளியில் உயிரியலில் 250 பேரில் கடைசி. இவன் விஞ்ஞானியாக நினைப்பது நகைப்புக்குரியது என்று ஆசிரியர் அறிக்கை எழுதியிருக்கிறார். மாணவர் அறிக்கை எழுத உட்காரும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வந்து தொலைக்கும்.

முட்டை செய்கிற அந்த வேலையை முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டவர் ஜப்பானில் கியோட்டோவின் ஷின்யா யமனாக்கா. பல்திறன் கலங்களில் சுறுசுறுப்பாக இருக்கும் 24 பரம்பரையலகுகளைத் தெரிவுசெய்து, எலியின் தோல் கலங்களுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒன்றும் நடக்கவில்லை. 24ஐயும் ஒன்றாக அனுப்பினால் நடந்தது. பிறகு அவரோடு வேலை செய்த கசுதோஷி தகஹாஷி 24இல் ஒவ்வொன்றை விட்டுவிட்டுப் பார்த்தார். எதை விட்டால் காரியம் கெடுகிறதோ அது வேண்டியது. கடைசியில் நின்றவை நான்கு. ரசத்தில் எது இல்லாவிட்டால் ருசி போகிறது என்று கண்டுபிடிப்பது போலத்தான், அவ்வளவு எளிய யோசனை. 2006இல் எலி, 2007இல் மனிதத் தோல், 2012இல் கேர்டனுக்கும் யமனாக்காவுக்கும் சேர்த்து நோபல் பரிசு. இப்படித் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ திருப்பி எடுத்த கலத்துக்கு ஐ.பி.எஸ். கலம் என்று பேர். கருவும் வேண்டாம், சண்டையும் குறைவு.

இனித்தான் விஷயம். ஐ.பி.எஸ். கலம் என்றதும் எல்லாரும் நினைப்பது பழுதான உறுப்புக்குப் பதில் புதுசு. அந்த முயற்சியும் நடக்கிறது. 2014இல் ஜப்பானில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோலிலிருந்து விழித்திரைப் படலம் வளர்த்து அவருடைய கண்ணிலேயே வைத்தார்கள். ஆனால் இந்தப் பதினைந்து இருபது வருடத்தில் இந்தக் கலங்கள் செய்த பெரிய உபகாரம் வேறு என்பது என் அபிப்பிராயம். நோயை அவை நோயாளிக்கு வெளியே கொண்டுவந்தன.

யோசித்துப் பாருங்கள். இரத்தத்தில் நோய் என்றால் இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்புக் கலம் சாகிறது என்றால்? உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து அதை வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. இறந்த பிறகு பார்த்தால் எல்லாம் முடிந்துபோயிருக்கும். எரிந்த லயத்தின் சாம்பலைக் கிளறி, நெருப்பு எந்தக் காம்பராவில் தொடங்கியது என்று கேட்பது போல. ஐ.பி.எஸ். கலம் இருந்தால், நோயாளியின் கையில் இருந்து மிளகளவு தோலை எடுத்து, பின்னோக்கித் திருப்பி, மறுபடி முன்னோக்கி நரம்பாக வளர்த்து, நோய் தொடங்கும் நாளை உட்கார்ந்து பார்க்கலாம்.

2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதைச் செய்தார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் சிறுவயதிலேயே அழிந்துபோகும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. அந்த நோயுள்ள ஒரு பிள்ளையின் தோலும், நோயில்லாத தாயின் தோலும். இரண்டையும் ஐ.பி.எஸ். கலமாக்கி, இரண்டிலிருந்தும் இயக்க நரம்புகளை வளர்த்தார்கள். முதலில் இரண்டு கிண்ணமும் ஒரே மாதிரித்தான் இருந்தன. சில கிழமை போன பிறகு பிள்ளையின் கிண்ணத்தில் நரம்புக் கலங்கள் எண்ணிக்கையில் குறைந்தன, அளவில் சிறுத்தன. தாயினுடையவை நின்றன. பிள்ளைக்கு நரம்பு உண்டாகாமல் போகவில்லை, உண்டானது நிலைக்கவில்லை என்று அந்தக் கிண்ணம் சொன்னது. மருந்து தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம், ஏனென்றால் உண்டானதைக் காப்பாற்ற இன்னும் அவகாசம் இருக்கிறது.

இதயத்தையும் இப்படிப் பார்க்கிறார்கள். கிண்ணத்தில் வளர்ந்த இதயக் கலங்கள் பத்து நாள் அளவில் தாமாகவே துடிக்கத் தொடங்கும், நுணுக்குக்காட்டியில் தெரியும். இதயத் துடிப்பின் மின்னோட்டம் நீண்டு, திடீரென்று மயக்கமும் மரணமும் வரக்கூடிய ஒரு குடும்ப நோயை 2010இல் ஜெர்மன் குழு ஒன்று இப்படி வளர்த்துப் பார்த்தது. நோயாளிகளின் கலங்களில் அந்த நீட்சி அப்படியே தெரிந்தது. அப்புறம் மருந்து. இயக்க நரம்புகள் பெரியவர்களில் அழியும் ஏ.எல்.எஸ். நோய்க்கு, ஏற்கனவே கடையில் இருக்கும் 1,232 மருந்துகளை நோயாளிகளின் கிண்ணங்களில் ஊற்றிப் பார்த்தது ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு. பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் ரோப்பினிரோல் முன்னுக்கு வந்தது. 2023இல் வெளிவந்த மனிதப் பரிசோதனை முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் அதில் இருந்தது 20 பேர். இருபது பேரை வைத்து யாரும் மேளம் கொட்டக் கூடாது.

கிண்ணத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பரம்பரையலகில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் கிறிஸ்பர் முறை வந்த பிறகு, நோயாளியின் கலத்தில் பிழையான எழுத்தை மட்டும் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்கலாம். ஒரே தாய்ச்செடியின் இரண்டு கன்றை ஒரே மேடையில் வைத்து, உரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது போல. வித்தியாசம் வந்தால் காரணம் அந்த ஓர் எழுத்துத்தான்.

இந்த இடத்தில் அந்தத் தாயின் மகனுக்குத் திரும்ப வேண்டும். இலங்கையில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் பீட்டா தலசீமியாவைச் சுமக்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. சுமக்கிற இருவர் சேர்ந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், அல்பா, பீட்டா என்ற இரண்டு வகைப் புரதம் சேர்ந்தது. இந்த நோயில் பீட்டா புரதம் குறைந்து, துணையில்லாமல் மிஞ்சும் அல்பா புரதம் மச்சைக்குள்ளேயே திரண்டு, செங்குருதிக் கலங்களை முதிர விடாமல் கொல்கிறது. இதோடு ஹீமோகுளோபின் ஈ என்ற இன்னொரு மாற்றம் சேர்ந்த வகையும் இங்கே அதிகம். அதில்தான் புதிர். ஒரே மாதிரி மாற்றம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் மாதாமாதம் இரத்தம் இல்லாமல் வாழ முடியாது, மற்றவர் வேலைக்குப் போய்ப் பிள்ளை பெற்று இருக்கிறார். குருணாகல் தலசீமியா நிலையத்தில் இலங்கை வைத்தியர்களும் ஒக்ஸ்போர்டின் டேவிட் வெதரோல் குழுவும் சேர்ந்து 109 நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2005இல் எழுதினார்கள். ஏற்றி வந்த இரத்தத்தை நிறுத்தியும் சமாளித்தவர்கள் அதில் இருந்தார்கள். அல்பா பக்கத்தில் கூடவே ஒரு குறை, கருக்கால ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாகச் சுரப்பது, மலேரியா வந்துபோனது என்று பல காரணங்கள் அகப்பட்டன. எல்லாம் அகப்படவில்லை.

கிண்ணம் வேண்டியது இப்படிப்பட்ட கேள்விக்குத்தானே? லேசாக இருப்பவரின் கலம், கடுமையாக இருப்பவரின் கலம், இரண்டையும் இரத்தமாக வளர்த்துப் பார்த்தால் போச்சு. தலசீமியா நோயாளியின் தோலிலிருந்து ஐ.பி.எஸ். கலம் 2009இலேயே செய்துவிட்டார்கள். ஆனால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஐ.பி.எஸ். கலத்திலிருந்து வளரும் இரத்தம் குழந்தைத்தனமானது. கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபினையே பெரும்பாலும் சுரக்கிறது. பிறந்த பிறகு வரும் பீட்டா புரதத்துக்கு மாறவே தயங்குகிறது. தலசீமியாக் குழந்தைகூடப் பிறந்து ஆறு மாதம் வரை நன்றாகத்தான் இருக்கும், நோய் தெரிவது அந்த மாற்றத்துக்குப் பிறகு. அதாவது நோய் தொடங்கும் வயதுக்குக் கிண்ணம் வந்து சேரவில்லை. எங்களுக்கு வேண்டிய நோயிலேயே இந்தக் கருவி மொண்ணையாக இருக்கிறது.

வயதுப் பிரச்சினை மற்ற நோய்களிலும் உண்டு. ஏ.எல்.எஸ். உள்ள 82 வயதுப் பெண்ணின் தோலிலிருந்து 2008இல் ஐ.பி.எஸ். கலம் செய்தார்கள். அந்தத் திருப்பத்தில் 82 வருடமும் துடைத்தெறியப்பட்டு விடுகிறது. முதுமையில் வரும் நோயைப் பச்சைக் குழந்தைக் கலத்தில் தேடுவது சும்மா வேலையா? செயற்கையாக முதுமை ஏற்றிப் பார்க்கிறார்கள், வேறு கலங்களோடு கூட்டாக வளர்த்துப் பார்க்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுகிறது.

யாருடைய கலம் என்ற கேள்வியும் இருக்கிறது. உலகின் பெரிய ஐ.பி.எஸ். சேமிப்புகளில் உறைநிலையில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. தெற்காசியர் கொஞ்சம். ஒரே மாற்றம் ஆளுக்காள் வேறுபடுவதுதான் புதிர் என்றால், அந்த ஆட்கள் சேமிப்பில் இல்லாமல் எப்படி விடை வரும்? இங்கேயே வளர்க்கலாமே என்று கேட்பது சுலபம். இந்தக் கலங்கள் 37 பாகையில், 5 வீதக் காபனீரொட்சைட்டில், இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் இருக்க வேண்டும். திரவம் மஞ்சளாகத் திரும்பினால் அமிலம் கூடிவிட்டது என்று அர்த்தம், நம் பிள்ளைகள் பாசிச்சாயத்தாளில் பார்ப்பது போல. தீபாவளியானாலும் பொங்கலானாலும் நாள் தவறாமல் யாராவது வந்து திரவம் மாற்ற வேண்டும். கொத்தின் ஓரத்தில் தாறுமாறாக முதிரும் கலங்களைக் களை எடுப்பது போல எடுக்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஜெனரேட்டருக்கு டீசல் வரிசையில் நிற்க ஒரு ஆய்வாளரை அனுப்ப வேண்டும்.

இந்த ஆராய்ச்சி பதுளை வார்டுக்கு என்ன தந்தது என்றால், நேரடியாக இன்னும் ஒன்றுமில்லை. பக்கத்து வழியாக வந்த ஒன்று உண்டு. கருக்கால ஹீமோகுளோபினை நிறுத்தும் ஆளியை முடக்கினால் பீட்டாக் குறை ஈடாகும் என்ற அறிவிலிருந்து காஸ்ஜெவி என்ற சிகிச்சை பிறந்தது. நோயாளியின் சொந்த மச்சைக் கலங்களை எடுத்து, கிறிஸ்பரால் திருத்தி, திரும்ப ஏற்றுவது. 2023 நவம்பரில் பிரித்தானியா முதல் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர், எங்கள் காசில் அறுபது கோடிக்கு மேல். இதில் பயன்படுவது மச்சைக் கலமே, ஐ.பி.எஸ். கலமில்லை.

அப்படியானால் விளம்பர ஊசிக்குள் என்ன இருக்கும்? பெரும்பாலான இடங்களில் கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ பிரித்த ஏதோ ஒரு கலவை. அது தலசீமியாவின் பரம்பரையலகைத் திருத்தாது. உண்மையான பல்திறன் கலத்தையே ஊசியில் ஏற்றினால் இன்னும் மோசம். ஒரு கலம் பல்திறனுடையதா என்று சோதிக்க ஆய்வாளர்கள் அதை எலியின் தோலுக்கடியில் வைப்பார்கள். அங்கே பல்லும் முடியும் குருத்தெலும்பும் கலந்த ஒரு கட்டி வளர்ந்தால் சோதனை வெற்றி. ஆய்வுகூடத்தில் அது வெற்றி, பிள்ளையின் உடம்பில் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. சாதுவானது என்று சொல்லப்படும் கொழுப்புக் கலத்தைக் கண்ணுக்குள் ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று பெண்கள் பார்வை இழந்ததை 2017இல் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

போன ஞாயிறு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது. தவறணைக் கதையைச் சொன்னதும் அவர் தலையாட்டினார், அவரும் துண்டு வெட்டியவர்தான். பம்ப் மருந்தை விடாமல் போடுங்கள், மச்சை மாற்றும் சாத்தியத்தைப் பதுளையில் கேளுங்கள், கூடப்பிறந்தவளின் இரத்தம் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள் என்றேன்.

“அதுக்கும் முந்தி ஒன்னு சேர்” என்று குரலைத் தாழ்த்தினார். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சுமக்கிறவளா இல்லையா என்று இதுவரை பார்க்கவில்லை. பார்த்தால் மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது சொல்வார்களோ என்று பயம். கதவுக்குப் பின்னால் நின்ற மகள் வெளியே வந்து, “நானே போய்ப் பாத்துட்டேன்மா. போன கிழமை ரத்தம் குடுத்தேன். ரிப்போட் புதன்கிழமை” என்றாள். தாய் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழும்பிப் போய், சீட்டுக்காரருக்குப் போன் போட்டு, இந்த மாதம் எடுக்கவில்லை என்று சொன்னார்.